வரி கட்டுகிறவருக்குப் புரிகிற சட்டம்

(வணிகவியல் மாணவர்கள், சிறுதொழில் முனைவோர், வரி ஆலோசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேரடி வரிச் சட்டங்களைச் சீர்திருத்துவது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் அமையாது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம் வருமானத்தை அளந்துவந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. அதன் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. பழைய சட்டத்தில் 5.12 லட்சம் சொற்கள், புதியதில் 2.60 லட்சம். 819 பிரிவுகள் 536 ஆயின. 47 அத்தியாயங்கள் 23 ஆயின.

சட்டம் பாதியாகிவிட்டது. வரி கட்டுகிறவரின் குழப்பமும் பாதியாகிவிட்டதா? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரிச் சட்டம் எளிமையாவதற்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். அதன் வாக்கியங்கள் தெளிவாக வேண்டும். வாக்கியங்களுக்குப் பின்னால் இருக்கும் வரிக் கொள்கை தெளிவாக வேண்டும். குடிமகனுக்கு விதிக்கிற கெடுவையும் கண்டிப்பையும் அரசு தனக்கும் விதித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் முதல் வேலை பெருமளவு நடந்திருக்கிறது. இரண்டாவது அரைகுறையாக நிற்கிறது. மூன்றாவது இன்னும் தொடங்கவேயில்லை.

வந்த வழி

இந்தியாவில் வருமான வரி 1860-இல் பிறந்தது. 1857 எழுச்சியை அடக்கிய செலவில் பிரிட்டிஷ் இந்திய அரசின் கஜானா காலியாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். ‘எக்கானமிஸ்ட்’ இதழை நிறுவியவர் அவர். அவர் கொண்டுவந்த வரியைப் பகிரங்கமாக எதிர்த்தவர் சென்னையில் இருந்தார். சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன், புதிய வரி போடுவதைவிட அரசு தன் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டார். தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்தார். அதற்காக அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார். அந்த வரி 1865-இல் காலாவதியானது. பிறகு பல வடிவங்களில் வந்து போய், 1886 சட்டத்தில் நிலைபெற்றது.

அடுத்து வந்தது 1922-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் ஏற்படுத்திய நல்ல பழக்கம் ஒன்று உண்டு. எது வருமானம், அதை எப்படிக் கணக்கிடுவது, யார் முன் முறையிடுவது என்பவை நிலையான சட்டத்தில் இருக்கும். எத்தனை சதவீதம் என்பதை மட்டும் ஆண்டுதோறும் நிதிச் சட்டம் சொல்லும். விகிதம் மாறலாம், அடிப்படை மாறாது என்பது இதன் பொருள். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நேர்ந்த சிக்கல்களில் பெரும்பகுதி இது குலைந்ததால் வந்தவை.

விடுதலைக்குப் பிறகு, கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956-இல் தந்த அறிக்கையின் வழியில் நேரடி வரிகள் பெருகின. டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957-இல் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. 1958-இல் கொடை வரி வந்தது. மரணத்துக்குப் பின் சொத்தின்மீது விதிக்கும் எஸ்டேட் தீர்வை 1953-லிருந்தே இருந்தது. பணம் சம்பாதித்தாலும், சேர்த்தாலும், செலவழித்தாலும், கொடுத்தாலும், விட்டுச் சென்றாலும் வரி. ஒரு வழியில் தப்புகிறவர் இன்னொரு வழியில் சிக்குவார் என்பது இதன் தர்க்கம். காகிதத்தில் அழகான கட்டமைப்புத்தான். அதை நடத்தும் நிர்வாகம் நம்மிடம் இல்லை. செலவு வரி 1966-இலும், எஸ்டேட் தீர்வை 1985-இலும், கொடை வரி 1998-இலும், செல்வத்தின்மீதான சொத்து வரி 2015 பட்ஜெட்டிலும் போயின. சொத்து வரி 2013-14-இல் நாடு முழுவதும் ஈட்டியது 1,008 கோடி ரூபாய் மட்டுமே. கொடை வரியோ போன வேகத்தில் திரும்பியும் வந்தது. உறவினர் அல்லாதவரிடமிருந்து பெறும் பணம் 2004 முதல் வருமான வரிச் சட்டத்துக்குள்ளேயே ‘இதர வருமானம்’ ஆகிவிட்டது. ஒரு சட்டத்தை ரத்து செய்வதாலேயே அந்தச் சுமை ரத்தாகிவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு பாடம்.

சட்ட ஆணையமும், மகாவீர் தியாகி தலைமையிலான குழுவும் ஆராய்ந்து சொன்ன பிறகு, 1961-இல் புதிய வருமான வரிச் சட்டம் 298 பிரிவுகளோடு வந்தது. அந்த 298 எப்படி 819 ஆனது? மூன்று காரணங்களைச் சொல்வேன்.

சட்டம் பெருத்த கதை

முதல் காரணம் விகிதம். 1973-74-இல் மிக உயர்ந்த வருமானத்தின்மீது வரியும் சர்சார்ஜும் சேர்ந்து 97.75 சதவீதம். அந்த உச்சப் படியில் கூடுதலாக நூறு ரூபாய் சம்பாதித்தவர் கையில் அதில் மிஞ்சியது இரண்டேகால் ரூபாய். இப்படி ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு எந்த அரசும் தொழிலை வளர்க்க முடியாது. ஆகவே விகிதத்தை உயர்த்தி வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக விலக்குகளும் கழிவுகளும் வழங்கப்பட்டன. ஒவ்வொரு விலக்கும் ஒரு பிரிவு. அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவரைத் தடுக்க ஒரு துணைப்பிரிவு. அந்தத் தடையில் நியாயமானவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு காப்புரை. உயர்ந்த விகிதமே கறுப்புப் பணத்தைப் பெருக்குகிறது என்று 1971-இல் வாஞ்சூ குழு எடுத்துச் சொன்னது. 1985-இல் வி.பி. சிங் உச்ச விகிதத்தை 50 சதவீதமாக்கினார். பிறகு வந்தார் ராஜா செல்லையா. சென்னைப் பொருளியல் பள்ளியை உருவாக்கியவரான அவர் தலைமையில் 1991-இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழு, விகிதம் குறைவாகவும் அடித்தளம் அகலமாகவும் இருக்க வேண்டும் என்ற வழியைக் காட்டியது. 1997-இல் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்றே ஸ்லாப் வைத்தார். விகிதங்கள் இறங்கின, ஆனால் உயர்ந்த விகிதத்தின் காலத்தில் முளைத்த விலக்குகள் சட்டத்தைவிட்டு இறங்கவில்லை.

இரண்டாவது காரணம், தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே நடந்த போட்டி. நீதிமன்றத்தில் துறை தோற்றால், அடுத்த நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வரும். எல்லா வகையும் சேர்த்து 1961 சட்டத்தில் சேர்ந்த திருத்தங்கள் 4,000-க்கும் மேல். இந்தப் போட்டியின் உச்சம் வோடஃபோன் நிறுவனத்தின் வரி வழக்கு. வரி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சில மாதங்களிலேயே, 1962 முதலே சட்டத்தின் பொருள் வேறு என்று முன்தேதியிட்டு நாடாளுமன்றம் திருத்தியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையை இன்று மாற்ற முடியும் என்றால், எந்தக் கணக்கும் முடிந்த கணக்கு ஆகாது. சர்வதேச நடுவர் தீர்ப்பாயங்களில் இந்தியா தோற்ற பிறகு, 2021 ஆகஸ்டில் அந்த வரிக் கோரிக்கைகள் கைவிடப்பட்டன. பணமும் போனது, ஒன்பது ஆண்டுப் பெயரும் போனது.

மூன்றாவது காரணம், நாட்டின் எல்லா நல்ல எண்ணங்களையும் வரிச் சட்டத்தில் ஏற்றியது. சேமிப்புக்கு 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி, மாற்றுத்திறனாளி உறவினருக்கு 80டிடி, கொடிய நோய்க்கு 80டிடிபி, கல்விக் கடனுக்கு 80ஈ, வீட்டுக் கடனுக்கு 80ஈஈ, அதற்கு அடுத்து 80ஈஈஏ, மின்வாகனக் கடனுக்கு 80ஈஈபி. இதில் எதையும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு, தனி நிபந்தனை, தனிச் சான்று. ஏற்கெனவே ஆடிட்டர் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகைகள் எளிதாகக் கிடைக்கும். உண்மையில் தேவைப்படுகிறவர் பெரும்பாலும் அதைக் கேள்விப்படுவதே இல்லை.

முயன்றதும் நின்றதும்

சட்டத்தை அடியோடு மாற்றும் துணிவான முயற்சி 2009-இல் வந்தது. அந்த ஆகஸ்டில் வெளியான நேரடி வரிகள் தொகுப்புச் சட்ட வரைவு ஒரு பேரம் பேசியது: விலக்குகளை விட்டுக்கொடுங்கள், விகிதத்தைக் குறைக்கிறோம். 10 லட்சம் வரை 10 சதவீதம், 25 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. பதிலுக்கு, சேமிப்பை எடுக்கும்போது வரி, விலக்குகள் பல நீக்கம். பேரத்தின் ஒரு பாதியை மட்டும் எல்லோரும் கேட்டோம். விகிதம் குறையட்டும், எங்கள் விலக்கு இருக்கட்டும் என்றோம். 2010-இல் மசோதாவாக வந்தபோது விலக்குகள் திரும்பியிருந்தன. விகிதக் குறைப்பும் சுருங்கியிருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2012-இல் அறிக்கை தந்தது. 2014-இல் மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதியானது. 2017-இல் ஒரு பணிக்குழு அமைந்தது; அது 2019 ஆகஸ்டில் அரசிடம் தந்த அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை.

தோல்வியிலிருந்து கற்க வேண்டியது இது. குறைந்த விகிதமும் குறைந்த விலக்கும் ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடு. சீர்திருத்தம் நிறைவேறாமல் போனதற்கு அரசு மட்டும் பொறுப்பில்லை. தம் தம் விலக்கைக் காத்துக்கொண்ட ஒவ்வொரு தொழில்துறையும் ஊதியக்காரர் அமைப்பும் பொறுப்பு.

2025 சட்டம் வேறு வழியில் நடந்தது. கொள்கையைத் தொடாமல் மொழியை மட்டும் திருத்துவது என்று அரசு முதலிலேயே எல்லை வகுத்துக்கொண்டது. 2025 பிப்ரவரி 13-இல் மசோதா அறிமுகமானது. பைஜயந்த் பாண்டா தலைமையில் 31 உறுப்பினர் தெரிவுக் குழு அதை ஆராய்ந்து 285 பரிந்துரைகள் தந்தது. முதல் வரைவின் வாசகப்படி, கெடு தேதி தாண்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தவருக்கு ரீஃபண்டே கிடைக்காத நிலை இருந்தது. குழு அதைச் சுட்டிக்காட்டியதால் அது திருத்தப்பட்டது. பழைய மசோதா திரும்பப் பெறப்பட்டு, திருத்திய மசோதா ஆகஸ்ட் 11-இல் அறிமுகமாகி அன்றே மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, ஆகஸ்ட் 21-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். கோடிக்கணக்கான குடும்பங்களின் பணத்தைத் தொடும் சட்டம், மன்றத்தில் ஒரு முழு நாள் விவாதத்துக்குத் தகுதியானது. குழு அறையில் நடந்த நல்ல வேலை, மன்றத்தில் நடக்காத வேலைக்கு ஈடாகாது.

நன்றாக நடந்ததை மனம் திறந்து பாராட்ட வேண்டும். ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரட்டைக் கணக்கு போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒற்றைக் கணக்கு வந்தது. பல தலைமுறை மாணவர்கள் முதல் வகுப்பிலேயே தடுமாறிய இடம் அது. பல பிரிவுகளில் சிதறிக் கிடந்த டிடிஎஸ் (மூலத்திலேயே வரி பிடித்தம்) விதிகள், ஊதியம் நீங்கலாக, 393-ஆம் பிரிவின் அட்டவணைகளுக்குள் வந்துவிட்டன. 1,200 காப்புரைகளும் 900 விளக்கங்களும் நீங்கின. 18 ஆக இருந்த அட்டவணைகள் 57 ஆயின. 6 ஆக இருந்த சூத்திரங்கள் 46 ஆயின. ஒரு சிறு அச்சகம் நடத்துபவர் தான் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை இப்போது அட்டவணையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இதைச் செய்த அலுவலர்களின் உழைப்பு பெரியது.

மொழி மாறியும் மாறாதவை

ஆனால் கொள்கை சிக்கலாக இருந்தால், தெளிவான வாக்கியம் அந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். எல்லோர் வாயிலும் இருக்கும் உதாரணத்தையே எடுக்கிறேன்: ‘12 லட்சம் வரை வரி இல்லை.’

இதை நம்பி ஒருவர் ரிட்டர்னே தாக்கல் செய்யாமல் இருந்தால் தவறு. பின்னால் நான் சொல்லப்போகும் புதிய வரிமுறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம் மட்டுமே. அதற்கு மேல் வரி கணக்கிடப்படும். 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வரி தள்ளுபடியாகக் கழிக்கப்படும். பங்கு விற்ற லாபம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. சரி, 12 லட்சத்தைத் தாண்டினால்? வரிக்குரிய வருமானம் 12,10,000 ரூபாய் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்லாப்படி வரி 61,500. 12 லட்சத்துக்கு மேலே சம்பாதித்ததைவிட அதிகமாக வரி போகக்கூடாது என்று ஒரு நிவாரணம் இருப்பதால், அது 10,000 ஆகக் குறையும். அதன்மேல் 4 சதவீத செஸ் 400 ரூபாய். மொத்தம் 10,400. அதாவது பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்தவர், 12 லட்சத்தோடு நின்றவரைவிட 400 ரூபாய் குறைவாக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். இந்த விசித்திரம் ஏறக்குறைய 12.74 லட்சம் வரை நீள்கிறது. விலக்கு, ஸ்லாப், தள்ளுபடி, நிவாரணம், செஸ் என்று ஐந்து படிகள். விலக்கு வரம்பையே உயர்த்தியிருந்தால் ஒரே படியில் முடிந்திருக்கும். அதற்கு அரசு இழக்கும் வருவாய் அதிகம் என்பது உண்மை. அப்படியானால் ஸ்லாப்களை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். குடிமகனை ஐந்து படி ஏற வைக்க வேண்டியதில்லை.

அடுத்து, இரண்டு வரிமுறைகள். 2020-இல் வந்த புதிய முறை, 2023-24 முதல் இயல்பு முறை. பழைய முறையும் விருப்பத் தேர்வாகத் தொடர்கிறது. எது லாபம் என்று கண்டுபிடிக்க ஒருவர் தன் வரியை இரண்டு முறை கணக்கிட வேண்டும். 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி ரிட்டர்ன்களில் 5.27 கோடி புதிய முறையில் வந்தன. அதுவே இயல்பு முறை என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் பத்தில் ஏழு பேர் கழிவுகளை விட்டுவிட்டு எளிய கணக்குக்கு வந்துவிட்டார்கள். எஞ்சியவர்களுக்கும் நியாயமான கால அவகாசம் தந்து, ஒரே முறைக்கு வர வேண்டிய நேரம் இது. பழைய முறையில் 2.5 லட்சம் என்ற விலக்கு வரம்பும், 80சி-யின் 1.5 லட்சமும் 2014-க்குப் பிறகு அசையவில்லை. சத்தமில்லாமல் வற்றவிடுவதைவிட, பகிரங்கமாகத் தேதி சொல்லி முடிப்பது நேர்மை.

மூலதன ஆதாய வரி இந்த நேர்மையின் அவசியத்தைக் காட்டியது. 2024 ஜூலையில் விகிதங்களும் காலவரம்புகளும் சீராக்கப்பட்டன. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். உண்மையான எளிமைதான். ஆனால் அதற்கு விலையாக, பணவீக்கத்தைக் கழித்துக் கணக்கிடும் வசதி போனது. பல ஆண்டுகள் வைத்திருந்த வீட்டை விற்கப் போகிறவர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில், அதற்கு முன் வாங்கிய நிலம், கட்டிடத்துக்குப் பழைய 20 சதவீதக் கணக்கையும் தேர்ந்துகொள்ளலாம் என்று திருத்தம் வந்தது. எளிமையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிக் கலந்து பேசியிருந்தால், இந்த இரட்டைக் கணக்கு பிறந்திருக்காது.

கொள்கை மாறினால் சிக்கல் எப்படி மறையும் என்பதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. ஒரு வேலை ‘ஒப்பந்தமா’, ‘தொழில்நுட்பச் சேவையா’ என்று டிடிஎஸ் வழக்குகள் குவிந்து கிடந்தன. ஒன்றுக்கு 2 சதவீதம், மற்றதற்கு 10 சதவீதம் என்பதே சண்டைக்குக் காரணம். 2020-இல் தொழில்நுட்பச் சேவைக்கும் 2 சதவீதம் ஆக்கினார்கள். அந்த வகை வழக்குக்கு இனிக் காரணமே இல்லை. எந்த வாக்கியத் திருத்தமும் செய்ய முடியாததை ஒரு விகித மாற்றம் செய்தது. ஊதியம் தவிர்த்த எல்லாப் பிடித்தங்களையும் இரண்டு மூன்று விகிதங்களுக்குள் கொண்டுவந்தால், அந்த அட்டவணையே ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. பிரிட்டன் 1996 முதல் 2010 வரை தன் நேரடி வரிச் சட்டங்களைத் தெளிவான ஆங்கிலத்தில் திருப்பி எழுதியது. வாசகம் தெளிந்தது; ஆனால் கொள்கை அப்படியே இருந்ததால் சட்டம் பெருகுவது நிற்கவில்லை. ஆஸ்திரேலியா 1990-களில் தொடங்கிய மறு எழுத்து பாதியில் நின்றது. அங்கே 1936 சட்டமும் 1997 சட்டமும் இன்றும் சேர்ந்தே நடைமுறையில் இருக்கின்றன. ஒரே சட்டத்தில் முடித்தவரை நாம் அவர்களைவிட நன்றாகவே செய்திருக்கிறோம். இங்கே நின்றுவிடக்கூடாது.

அரசுக்கும் கெடு வேண்டும்

நண்பர்களே, நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன்.

நீங்கள் வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி. அரசு உங்கள் ரீஃபண்டைத் தாமதித்தால் மாதம் அரை சதவீதம். அதே பணம், அதே தாமதம், பாதி வட்டி. இதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ரிட்டர்னுக்கு உங்களுக்குக் கெடு தேதி உண்டு, தவறினால் கட்டணம். மேல்முறையீட்டுக்கும் உங்களுக்குக் கெடு உண்டு. ஆனால் மேல்முறையீட்டைத் தீர்க்கும் ஆணையருக்கு, ‘இயலும் இடத்தில்’ ஓராண்டுக்குள் முடிக்கலாம் என்று மட்டுமே 1961 சட்டம் சொன்னது. இயலவில்லை என்றால் விளைவு ஒன்றுமில்லை. ஆணையர் நிலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் தேங்கியதில் வியப்பில்லை. அதுவரை கோரிக்கையை நிறுத்திவைக்க, பொதுவாக 20 சதவீதத்தைக் கட்டச் சொன்னது 2017-இல் நேரடி வரிகள் வாரியம் திருத்திய அறிவுறுத்தல். ஒரு சிறு நெசவாலை முதலாளிக்கு அந்த 20 சதவீதம் நடைமுறை மூலதனம். வழக்கில் அவர் பிற்பாடு வெல்லலாம். அதற்குள் தறி நின்றிருக்கும்.

மறுமதிப்பீட்டைப் பாருங்கள். அந்த நடைமுறை 2021 ஏப்ரல் 1 முதல் முழுவதும் மாறியது. கோவிட் காலத் தளர்வுகளைக் காட்டி, அந்தத் தேதிக்குப் பிறகும் பழைய விதிப்படியே நோட்டீஸ்கள் அனுப்பப்பட்டன. ஏறக்குறைய 90,000 நோட்டீஸ்கள். உயர் நீதிமன்றங்கள் பல அவற்றை ரத்து செய்தன. 2022 மேயில் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவற்றுக்குப் புது விதியின் உயிர் தந்தது. அதிலிருந்து எழுந்த காலவரம்புக் கேள்விகளைத் தீர்க்க, 2024 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது. இதே போன்ற பிழையை வரி கட்டுகிறவர் செய்திருந்தால், கெடு முடிந்தது என்ற ஒரு வரியில் அவர் கோரிக்கை தள்ளுபடி ஆகியிருக்கும்.

அதிகாரமோ விரிந்துகொண்டே போகிறது. புதிய சட்டத்தின் 247-ஆம் பிரிவின்படி, சோதனையின்போது மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு போன்ற மின்வெளிகளைக் கடவுச்சொல்லை மீறித் திறக்கலாம். வரி ஏய்ப்பு கணினிக்குள் நடக்கும் காலத்தில் கணினியைப் பார்க்கும் அதிகாரம் தேவைதான். ஆனால் குடும்பப் பேச்சும் மருத்துவக் குறிப்பும் அதே பெட்டியில் இருக்கின்றன. எதைப் பார்க்கலாம், எதை நகலெடுக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்ற வரம்பும் அதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

மறுப்புகளும் கோரிக்கைகளும்

பொருளாதாரமே சிக்கலானது, அதன் வரிச் சட்டம் எப்படி எளிமையாக இருக்கும் என்று கேட்கலாம். பன்னாட்டு நிறுவனங்களின் விலை நிர்ணயத்துக்கு விரிவான விதிகள் தேவை என்பதை ஏற்கிறேன். அந்த விதிகள், ஊதியக்காரரும் கடைக்காரரும் படிக்க வேண்டிய பகுதியில் வந்து கலக்க வேண்டியதில்லை. விலக்குகள் போனால் சேமிப்பு குறையும் என்பது இன்னொரு மறுப்பு. அது கனமான வாதம். சமூகப் பாதுகாப்பு குறைவான நாட்டில் 80சி பல குடும்பங்களைச் சேமிக்க வைத்திருக்கிறது. ஆனால் வரி கட்டுமளவு வருமானம் இல்லாத பெரும்பான்மையினருக்கு அது ஒன்றும் தரவில்லை. சேமிப்பை ஊக்குவிக்க வேண்டுமென்றால் அதை நேரடி மானியமாக, பட்ஜெட்டில் தெரியும் செலவாக, எல்லோருக்கும் எட்டும்படி செய்யட்டும்.

இனி என் கோரிக்கைகள்.

ஒன்று: 1922-இன் பிரிவினைக்குத் திரும்புவோம். விகிதமும் வரம்பும் ஆண்டுதோறும் மாறலாம். சட்டத்தின் அமைப்பை மாற்றும் எந்தத் திருத்தமும் ஆறு மாதம் முன்பே வரைவாக மக்கள் முன் வரட்டும். வரி கட்டுகிறவருக்குச் சுமை கூட்டும் முன்தேதியிட்ட திருத்தம் கூடாது என்று சட்டமே சொல்லட்டும். விலைவாசிக்கு ஏற்ப வரம்புகள் தாமாக உயரட்டும்.

இரண்டு: ஒரே வரிமுறை, தெளிவான ஸ்லாப்கள். செஸ்ஸும் சர்சார்ஜும் அடிப்படை விகிதத்தில் கரையட்டும். இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஒன்றிய வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பகிர 15-ஆவது நிதிக் குழு பரிந்துரைத்தது; செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தப் பகிர்வுக்கு வெளியே நிற்கின்றன. எளிமை இங்கே கூட்டாட்சி நியாயமும் ஆகிறது.

மூன்று: சமநிலை. தாமதத்துக்கு இரு பக்கமும் ஒரே வட்டி. மேல்முறையீட்டுக்குக் கட்டாயக் கெடு. கெடு தாண்டினால் வைப்புத்தொகை வட்டியோடு திரும்ப வேண்டும்.

நான்கு: தமிழில் சட்டம். மத்தியச் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் அதிகாரபூர்வ உரை வெளியிட 1973-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. சுருங்கிவிட்ட புதிய சட்டத்தைத் தமிழில் கொண்டுவருவது முன்பைவிட எளிது. நோட்டீஸும் தமிழில் வரட்டும். கடைக்காரர் அதைத் தானே படித்துவிட்டு, பிறகு ஆடிட்டரிடம் போகட்டும்.

மாணவர்களே, 2024-25-இல் இந்த நாடு நிகரமாக ஈட்டிய நேரடி வரி 22.26 லட்சம் கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி யாரும் கதவைத் தட்டாமலே, பிடித்தமாகவும் முன்கூட்டிய வரியாகவும் வந்து சேர்ந்தது. நம்பிக் கொடுக்கிறவர்களின் பணம் அது. அந்த நம்பிக்கைக்கு அரசு தர வேண்டிய மறுமொழி, தெளிவான சட்டமும் தன்னையும் கட்டுப்படுத்திக்கொள்ளும் சட்டமும். உங்களில் பலர் ஆடிட்டர்களாக, வழக்கறிஞர்களாக, வருமான வரி அலுவலர்களாக ஆவீர்கள். புதிய சட்டத்தின் முதல் தலைமுறை நீங்கள். வரைவுகள் வரும்போது படியுங்கள். புரியாத பிரிவைக் குறித்து எழுதி அனுப்புங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். முதல் வரைவில் பறிபோகவிருந்த ரீஃபண்ட் உரிமை, யாரோ ஊன்றிப் படித்து எடுத்துச் சொன்னதால் காப்பாற்றப்பட்டது. அந்த வேலையை ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து செய்யும் குடிமக்கள் இருந்தால், அடுத்த சீர்திருத்தம் இன்னொரு அறுபது ஆண்டு காத்திருக்காது.